தண்ணீருக்காக ஓடிய மான்

கீழ்க்காட்டில் கருமலையார் என்று ஒரு எருமை இருந்தார். சேற்றுக்குட்டையில் கழுத்தளவு முங்கிக் கிடப்பதுதான் அவருக்கு நாள் முழுக்க வேலை. ஆனால் அந்தக் காட்டில் எல்லோரும் அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் பழக்குவது அவர்தான்.

சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தேன். முழுக் கதையும் தெரிந்த பிறகு கோபம்தான் வந்தது.

கீழ்க்காட்டுக்கும் மேட்டுக்காட்டுக்கும் நடுவில் ஆத்திமடு என்று ஒரு மடு உண்டு. கோடையிலும் வற்றாது. தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆனால் இரண்டு காடும் சேர்ந்து குடிக்கும் அளவுக்கு இருக்காது. அதனால் வெயில் ஏறத் தொடங்கும்போது ஒரு பந்தயம் வைப்பார்கள். காட்டுக்கு ஒருவர் ஓட வேண்டும். எல்லைப் பாறையில் தொடங்கி மடுக்கரை வரைக்கும் ஓட்டம். யார் முதலில் கரையைத் தொடுகிறாரோ, அவருடைய காட்டுக்கு அந்தக் கோடை முழுவதும் மடு சொந்தம். தோற்றவர்கள் தங்கள் காட்டுக் குட்டையில் என்ன கிடைக்கிறதோ அதைக் குடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீழ்க்காடு வருடா வருடம் தோற்றது.

முதலில் முயல் ஓடியது. அதற்குப் பின்னங்கால் போயிற்று. பிறகு காட்டாடு ஓடியது. இன்றைக்கும் அது மேடு ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. மாஸ்டரிடம் பழகிய யாரும் இரண்டாவது முறை ஓடியதில்லை. ஓட முடிந்ததில்லை.

"அதுகளுக்குத் தெம்பு பத்தலை!" என்று மாஸ்டர் சொல்வார்.

"ஆமாம், தெம்பு பத்தலை!" என்று காடு தலையாட்டும்.

இந்த வருடம் ஓட முன்வந்தது ஒரு வெளிமான். பெயர் பூவாத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. தானாகவே வந்தாள். போன கோடையில் சேற்றுத் தண்ணீர் குடித்துச் செத்துப்போன குட்டிகளில் அவள் குட்டியும் ஒன்று.

"நான் ஓடறேன் மாஸ்டர். என்ன செய்யச் சொன்னாலும் செய்யறேன்" என்றாள்.

"என்ன சொன்னாலும் செய்வியா?"

"செய்வேன்!"

மாஸ்டருக்கு ரொம்ப சந்தோஷம். தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிச் சட்டம் போட்டார்.

"முதல் சட்டம். தண்ணிக்காக ஓடறவ தண்ணியைத் தொடக் கூடாது! பொழுது விடிஞ்சதிலிருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. இது நீர் நோன்பு. தாகம் இருந்தாத்தான் வேகம் வரும்! ரெண்டாவது சட்டம். ஓட்டம் உச்சி வெயில்லதான். நிழல்ல நிக்கக் கூடாது. மூணாவது, கால் வலிக்குது கை வலிக்குதுன்னு என்கிட்ட வரக் கூடாது. வலிச்சாத்தான் பயிற்சி!"

"சரிங்க மாஸ்டர்."

மறுநாள் உச்சி வெயிலில் பயிற்சி ஆரம்பித்தது. பூவாத்தாள் நின்ற இடத்திலிருந்து அப்படியே பாய்ந்தாள். கொஞ்சம் நடந்து, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முதல் நாளே எல்லைப் பாறைக்கும் மடுக்கரைக்கும் போய்ப் போய் வந்தாள். காடு முழுக்க மரநிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

கீழ்க்காட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஓட்டக்காரர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வாயில் நுரை தள்ளியதா என்றுதான் பார்ப்பார்கள். நுரை வந்தால்தான் அன்றைய பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

"நுரை வந்துச்சா?" என்று குட்டையிலிருந்து மாஸ்டர் கத்துவார்.

"இன்னும் வரலை மாஸ்டர்!"

"அப்போ இன்னொரு தடவை ஓடச் சொல்லுங்க!"

நுரை தள்ளியதும் எல்லோரும் ஆரவாரம் செய்வார்கள். ஒரு ஜீவன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்து ஆரவாரம் செய்யும் கூட்டத்தை என்னவென்று திட்டுவது? எனக்குத் தெரிந்த திட்டெல்லாம் குழந்தைகள் படிக்கும் கதையில் எழுத முடியாது.

பூவாத்தாளுக்குச் செங்கண்ணி என்று ஒரு சிநேகிதி இருந்தாள். கீரிப்பிள்ளை. மூக்கு நுனியில் கோபம். அவளால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நேராகக் குட்டைக்குப் போனாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்!"

"கேளு."

"அவ தண்ணியைத் தொடக் கூடாதுங்கறீங்க. நீங்க தண்ணியை விட்டு வெளியவே வர மாட்டேங்கறீங்களே!"

மாஸ்டர் ஒரு காதை ஆட்டி ஈயை விரட்டினார். "நான் யோசிக்கிறேன். யோசிக்கிற தலை குளிர்ச்சியா இருக்கணும்."

"அவ உடம்பு வெயில்ல வேகுது!"

"வேகட்டும். வெந்தாத்தான் உறுதி. உனக்கு என்ன தெரியும்? நீ என்னிக்காவது யாரையாவது பழக்கியிருக்கியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செங்கண்ணிக்கு உடம்பெல்லாம் முடி சிலிர்த்துக்கொண்டது. கோபம் இருந்த அளவுக்கு அவளிடம் விஷயம் இல்லை.

"சரி, எதிராளி எப்படிப் பழகறான்னு பாத்துட்டு வரேன்" என்று மேட்டுக்காட்டுக்குக் கிளம்பினாள்.

மேட்டுக்காட்டின் ஓட்டக்காரன் சடையன் என்ற நரி. நரி என்றதும் உடனே சூழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கதையில் அவன் ஒரு சூழ்ச்சியும் செய்யப் போவதில்லை. செங்கண்ணி புதருக்குள் ஒளிந்துகொண்டு அவனைப் பார்த்தாள்.

வெயில் ஏறும் முன்பே சடையன் வந்தான். முதலில் சும்மா நடந்தான். பிறகு முன்னங்கால்களை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தான். மெல்ல ஓடினான். அப்புறம்தான் வேகமாக ஓடினான். நடுவில் நின்று தண்ணீர் குடித்தான். மறுபடி ஓடினான். வெயில் சுள்ளென்று உறைத்ததும் ஒரு நாவல் மரத்தடியில் போய்ப் படுத்தான். தூங்கியே போனான்!

மறுநாள் அவன் ஓடவே இல்லை. நடந்தான், தின்றான், தூங்கினான்.

செங்கண்ணி கீழ்க்காட்டுக்குத் திரும்பி வந்து பார்த்ததையெல்லாம் அப்படியே சொன்னாள். காடு சிரித்துச் சிரித்துப் புரண்டது.

"தூங்கறானா? பந்தயத்தை வெச்சுக்கிட்டுத் தூங்கறானா!"

"நடுவுல நின்னு தண்ணி வேற குடிக்கறானாம்!"

"ஜெயிச்சாச்சு! இந்தக் கோடைக்கு மடு நமக்குத்தான்!" என்று மாஸ்டர் வாலால் தண்ணீரை அடித்தார். எல்லோர் மேலும் சேறு தெறித்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

செங்கண்ணிக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. தூங்கித் தூங்கியே ஒருவன் எப்படி வருடா வருடம் ஜெயிக்கிறான்?

மறுநாள் விடியும் முன்பே மறுபடியும் மேட்டுக்காட்டுக்குப் போனாள். இந்த முறை ஒளியவில்லை. சடையன் முன்னால் போய் நின்றாள்.

"நீ சோம்பேறியா, கெட்டிக்காரனா? உண்மையைச் சொல்லு!"

சடையன் ஒரு கண்ணைத் திறந்தான். "நீ கீழ்க்காட்டுக் கீரிதானே? நேத்தே புதர்ல உன் வாலைப் பாத்தேன். கிட்ட வா. என் நெஞ்சுல காதை வை."

செங்கண்ணி தயங்கித் தயங்கிக் காதை வைத்தாள். அவன் நெஞ்சு நிதானமாக அடித்தது. பிறகு எழுந்து ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தான். "இப்போ கேளு!"

தடதடவென்று அடித்தது.

"மறுபடி பழைய மாதிரி மெதுவா அடிக்கற வரைக்கும் நான் அடுத்த ஓட்டம் ஓட மாட்டேன். காலையில கண் முழிச்சதுமே வேகமா அடிச்சுதுன்னா, நேத்து ஓடின களைப்பு இன்னும் தீரலைன்னு அர்த்தம். அன்னிக்கு ஓட்டம் கிடையாது."

"ஓடாம இருந்தா உறுதி எப்படி வரும்?"

"ஓடும்போது உடம்பு தேயுது. ஓய்வு எடுக்கும்போதுதான் தேஞ்ச இடத்தை உடம்பு சரி பண்ணுது. முன்னைவிடக் கொஞ்சம் உறுதியாவே சரி பண்ணும். அதுக்கு நேரம் குடுக்கலைன்னா தேஞ்சது தேஞ்சதுதான். அப்புறம் இன்னிக்குக் கொஞ்சம் கூட்டுவேன், பத்து நாள் கழிச்சு இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் ஓடிட முடியாது."

"தண்ணி?"

"உடம்பு சூட்டைத் தணிக்கறதே தண்ணிதான். அது இல்லாம வெயில்ல ஓடினா ரத்தம் கெட்டியாகும், தலை சுத்தும், கால் கேட்காது. உயிரே போகும்!"

"வலி?"

"சதை அலுப்பா இருந்தா பரவாயில்லை, ரெண்டு நாள்ல போயிடும். ஒரே இடத்துல குத்தற வலி வந்தா, 'நிறுத்து'ன்னு உடம்பு கத்துதுன்னு அர்த்தம். கத்தறப்ப நிறுத்தணும்."

செங்கண்ணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இதையெல்லாம் எதிராளிகிட்ட சொல்றியே, பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? நீ போய்ச் சொன்னா உங்க காடு கேட்கவா போகுது?" சடையன் கொட்டாவி விட்டான். "உண்மையைச் சொல்லட்டுமா? உங்க ஆளுங்க என்கிட்ட தோக்கறதே இல்லை. உங்க மாஸ்டர்கிட்டதான் தோக்கறாங்க."

செங்கண்ணி ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்தாள். பூவாத்தாள் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. செங்கண்ணி அவள் நெஞ்சில் காதை வைத்தாள். படுத்துக் கிடக்கும்போதே அது தடதடவென்று அடித்தது! வலது பின்னங்கால் மூட்டுக்குக் கீழே வீங்கியிருந்தது. தொட்டதும் பூவாத்தாள் துடித்துப்போனாள்.

"எத்தனை நாளா இந்த வலி?"

"விடு. மாஸ்டர்கிட்ட சொல்லாதே."

"அடிப் பைத்தியக்காரி! இனிமே ஓடாதே. முதல்ல தண்ணி குடி!"

"விடிஞ்சிருச்சு. இனி பொழுது சாஞ்சாத்தான் குடிக்கலாம்."

"உன் நோன்புல இடி விழ! குடிடீ!"

பூவாத்தாள் தலையை ஆட்டினாள். "நான் குடிச்சுட்டுத் தோத்தா, இவ தண்ணி குடிச்சதாலதான் நம்ம குட்டிங்க சேத்துத் தண்ணி குடிச்சுச் சாகுதுன்னு எல்லாரும் பழி போடுவாங்க. குடிக்காம தோத்தா, பாவம், அவளால முடிஞ்சதைச் செஞ்சாள்னாவது சொல்வாங்க. என் குட்டி போனதுக்கு அப்புறம் எனக்கு ஒரு பழியைத் தாங்கற சக்தி இல்லை, செங்கண்ணி."

செங்கண்ணி மறுபடி குட்டைக்குப் போனாள். சடையன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் மாஸ்டரிடம் சொன்னாள்.

"எதிராளி சொன்னானா!" மாஸ்டர் கடகடவென்று சிரித்தார். "நம்ம ஆளைத் தூங்க வெக்க அவன் பாக்கறான். நரிடீ அது, நரி!"

காடு நம்பிவிட்டது. நரி என்ற பெயர் ஒன்றே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பந்தய நாள் வந்தது. அதற்கு முதல் நாளும் பூவாத்தாள் நுரை தள்ளும்வரை ஓடியிருந்தாள். காலையில் மாஸ்டர் அவள் முன்னால் ஒரு கட்டு வைக்கோலைப் போடச் சொன்னார்.

"வயிறு முட்டத் தின்னு! நான் இதைத் தின்னுதான் இப்படி இருக்கேன்!"

எருமை வயிறும் மான் வயிறும் ஒன்றா? கேட்க யாரும் இல்லை. பூவாத்தாள் தின்றாள். தொண்டையில் இறங்காத வைக்கோலைத் தண்ணீர் கூட இல்லாமல் விழுங்கினாள்.

உச்சி வெயிலில் எல்லைப் பாறையில் இரண்டு பேரும் நின்றார்கள். சடையன் அங்கே வருவதற்கு முன்பே நடந்து, மெல்ல ஓடி, தண்ணீர் குடித்து முடித்திருந்தான். பூவாத்தாள் ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் நின்றாள்.

காகம் கத்தியதும் பந்தயம் தொடங்கியது.

பூவாத்தாள் பாய்ந்த பாய்ச்சலைப் பார்க்க வேண்டுமே! ஆயிரம் இருந்தாலும் அவள் வெளிமான், மான்களிலேயே வேகமான இனம். சடையன் எங்கேயோ பின்னால் இருந்தான். கீழ்க்காடு துள்ளிக் குதித்தது. பாதித் தூரம் வரை அவள்தான் முன்னால் ஓடினாள். குட்டியை நினைத்துக்கொண்டே ஓடினாள் என்று பிறகு சொன்னாள்.

அதற்கு மேல் உடம்பு கேட்கவில்லை. வயிறு கனத்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மடுவின் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கண் இருட்டியது. வலது பின்னங்கால் மடங்கியது. விழுந்தாள்.

சடையன் அவளைத் தாண்டிப் போய்க் கரையைத் தொட்டான். மேட்டுக்காடு ஜெயித்தது.

கீழ்க்காடு முழுக்கப் பூவாத்தாளைச் சுற்றிக் கூடியது. தூக்கிவிடத்தான் கூடினார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை!

"ஏண்டி விழுந்தே?"

"முன்னால ஓடிக்கிட்டுதானே இருந்தே! என்ன கேடு வந்துச்சு உனக்கு?"

"நம்ம குட்டிங்க இப்போ எதைக் குடிக்கும்? சொல்லுடி!"

மாஸ்டர் மெதுவாக வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் ஈரச் சேறு. "முந்தாநாள் இவ நிழல்ல நின்னதை நான் பாத்தேன்! அதான் தோத்தோம்!" என்றார்.

பூவாத்தாளின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. "தண்ணி கேக்கறா! வழி விடுங்க!" என்று செங்கண்ணி கத்தினாள்.

மாஸ்டர் மடுவுக்கும் மானுக்கும் நடுவில் மலைபோல் வந்து நின்றார். "கரையைத் தொடலை. நோன்பு முடியலை. பொழுதும் சாயலை. குடிக்கக் கூடாது!"

செங்கண்ணி பாய்ந்து அவர் மூக்கைக் கடித்தாள். நன்றாகக் கடித்தாள். மாஸ்டர் அலறினார், ஆனால் நகரவில்லை. கீழ்க்காட்டில் ஒருவர்கூட அவரை நகரச் சொல்லவும் இல்லை.

அப்போது மடுக்கரையிலிருந்து சடையன் கூப்பிட்டான்.

"ஓய் எருமை! மடு இப்போ யாருது?"

"உங்களுது" என்றார் மாஸ்டர் எரிச்சலோடு.

"எங்க தண்ணியை யார் குடிக்கணும், யார் குடிக்கக் கூடாதுன்னு நாங்கதானே சொல்லணும்? தள்ளி நில்லு!"

சடையன் தன் வாலைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு ஓடிவந்தான். பூவாத்தாளின் தலையிலும் கழுத்திலும் காதிலும் ஈரத்தைத் தடவினான். செங்கண்ணியும் மேட்டுக்காட்டு மான்களும் அவளை நிழலுக்கு நகர்த்தினார்கள். சடையன் மறுபடி ஓடி வாலை நனைத்து வந்து அவள் உதட்டில் பிழிந்தான்.

"ஒரேயடியா வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா முழுங்கு."

தோற்கடித்தவன் தண்ணீர் கொடுத்தான். யாருக்காக ஓடினாளோ அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது பூவாத்தாள் கண்ணைத் திறந்தாள். உயிர் பிழைத்துவிட்டாள். அதற்குள் மாஸ்டர் குட்டைக்குத் திரும்பி, அடுத்த கோடைக்கு ஆள் தேடத் தொடங்கியிருந்தார். பூவாத்தாள் நொண்டி நொண்டிக் கீழ்க்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் குரல்தான் முதலில் காதில் விழுந்தது.

"இவ போகட்டும். இவளுக்குத் தெம்பு பத்தலை. அந்தப் புள்ளிமான் குட்டி நல்லாத் துள்ளுது. அதைக் கூட்டிட்டு வாங்க. இப்பவே பழக்கினாத்தான் சரியா வரும். நாளையிலிருந்து அதுக்குத் தண்ணி கிடையாது!"

அதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பூவாத்தாள் குட்டைக் கரையில் போய் நின்றாள். மூன்று கால்களில்தான் நின்றாள்.

"அந்தக் குட்டி மேல உன் நிழல் பட்டாலும் உன்னை முட்டிக் கொன்னுடுவேன், எருமை!"

மாஸ்டர் என்று அவள் சொல்லவில்லை. காடு திடுக்கிட்டுப்போனது.

"முயல் காலை உடைச்சே! ஆட்டு நெஞ்சைக் கெடுத்தே! இன்னிக்கு என்னைக் கொல்லப் பாத்தே! ஒரு தடவையாவது வெயில்ல வந்து நின்னிருக்கியா? ஒரு தடவையாவது என் நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு கேட்டிருக்கியா? நுரை வந்துச்சா, நுரை வந்துச்சான்னு மட்டும்தானே கேட்டே!"

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"உங்களைச் சொல்லணும்! என் குட்டி செத்துச்சேன்னுதான் ஓடினேன். உங்க குட்டிகளும் சாகக் கூடாதுன்னுதான் ஓடினேன். விழுந்து கிடந்தப்ப உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'பாவம்'னு சொன்னீங்களா?"

முயல் தன் உடைந்த காலைப் பார்த்துக்கொண்டது.

"அந்தக் குட்டியைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்!" என்று குட்டையிலிருந்து மாஸ்டர் கத்தினார்.

புள்ளிமான் குட்டியின் தாய் தன் பிள்ளையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "என் புள்ளை வராது" என்றாள். பிறகு குட்டியைக் கரைக்குக் கூட்டிப்போய், மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கலங்கிய தண்ணீரைக் குடிக்கவைத்தாள். குட்டி மடக் மடக்கென்று குடித்தது.

அந்தக் கோடையிலும் கீழ்க்காடு சேற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. பூவாத்தாளின் கால் பழைய நிலைக்கு வரவே இல்லை. மாஸ்டர் தினமும் உச்சி வெயிலில் "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டுதான் இருந்தார். எல்லோரும் நிழலில் படுத்திருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

உடம்பை வதைப்பது பயிற்சி ஆகாது. தண்ணீரும் ஓய்வும் தராமல் அடுத்தவரை ஓட்டுகிறவர் எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது, கேட்டுக்கொண்டு கை தட்டவும் கூடாது.